நம்ம கம்பெனி

தப்பா நெனைக்காதீங்க தம்பி, உங்க ஃபோனை எட்டிப் பாக்கோணும்னு பாக்கலீங்க. சீட்டு இப்படி ஒட்டிக் கெடக்குது, கண்ணு தானாப் போகுது. அந்த ஆன்லைன் கம்பெனிப் பங்கு வாங்கறதுக்குத்தானே பாத்துட்டிருக்கீங்க? சத்தியமங்கலம் தாண்டுனதுல இருந்து பாக்கறேன், வாங்கற பட்டன் மேல வெரலை வெக்கறீங்க, எடுக்கறீங்க, வெக்கறீங்க, எடுக்கறீங்க. அதான் கேட்டேன்.

வாங்கலாமா வேண்டாமான்னு என்னைக் கேட்டா, தாராளமா வாங்கலாம். நிலைச்ச முதலீடு. அது நம்ம கம்பெனிங்க.

இல்லீங்க, நான் அங்க வேலை பாக்கல. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பேரு சென்னியப்பன், ஊரு கோபி. அந்தக் கம்பெனியில எனக்குப் பங்கு இருக்குது. பங்கு இருந்தா மொதலாளிதானே? சின்ன மொதலாளி, பெரிய மொதலாளின்னு சட்டத்துல இல்லீங்க.

ரிட்டயர் ஆன புதுசுல காலைல பள்ளிக்கூட கிரவுண்டுல நடப்பேன். தண்டபாணின்னு ஒருத்தர், பேங்க்ல இருந்தவரு, எங்கூட நடப்பாரு. அவருதான் சொன்னாரு. "சென்னியப்பன், பேங்க்ல போட்டா வட்டிதான் வரும். பங்கு வாங்குனா கம்பெனியே உங்களுது." நெனைச்சுப் பாருங்க. சர்வீஸ் பூராவும் ஆபீசரு ஏறுன்னா கம்பத்துல ஏறுனவன், எறங்குன்னா எறங்குனவன் நான். எங்கிட்ட வந்து கம்பெனியே உங்களுதுன்னு ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும்?

எது நிலைச்சு நிக்கும்னு கேட்டேன். இந்தக் கம்பெனியச் சொன்னாரு. மனுசன் சாகற வரைக்கும் என்னத்தையாச்சும் வாங்கிட்டேதான் இருப்பான், இனிமே கடைக்கு நடந்து போக மாட்டான், அதனால இது எப்பவும் நிக்கும்னாரு. கேட்ட ஒடனே எனக்குச் சரின்னு பட்டுச்சு. மாடி கட்டறதுக்குன்னு வெச்சிருந்த ரிட்டயர்மென்ட் பணத்தை எடுத்து அதுல போட்டேன். மாடி எங்க போகுதுங்க? எப்ப வேணும்னாலும் கட்டிக்கலாம்.

மொதலாளியாயிட்டா ஒரு பொறுப்பு வந்துருதில்லீங்களா. நம்ம கடையில நாமளே வாங்கலைன்னா ஊரான் எப்படி வாங்குவான்? அன்னியிலிருந்து சோப்பு, சீயக்கா, கொசு பேட்டு, துணி காயப்போடற ஸ்டேண்டு, எல்லாம் நம்ம கம்பெனியிலதான். ஸ்டேண்டு மட்டும் மூணு இருக்குது ஊட்டுல. ஒருக்கா செருப்பு வாங்குனேன், ஒரு சைஸ் சின்னதா வந்துருச்சு. என்ற சம்சாரம், துளசிமணின்னு பேரு, திருப்பி அனுப்புங்கன்னா. திருப்பி அனுப்புனா வண்டிச் செலவு ஆருக்கு? நமக்குத்தானே? குதிங்காலை வெளிய உட்டுட்டு அப்படியே போட்டுப் பழகிட்டேன்.

பக்கத்து ஊட்டு டீச்சரம்மா ஒருக்கா சேலை வாங்கி, கட்டிப் பாத்து, போட்டோ புடிச்சுட்டுத் திருப்பி அனுப்புச்சு. போய்ச் சத்தம் போட்டேன். ஆளாளுக்கு இப்படிப் பண்ணுனா கம்பெனி எப்படிங்க லாபம் காட்டும்? அன்னியிலிருந்து அந்தம்மா எங்ககூடப் பேசறதில்ல. தப்புப் பண்ணுனவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

செத்த அந்த ஜன்னலை எறக்கி விடறீங்களா? காத்து மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும்.

இப்ப லோகநாதனப் பத்திச் சொல்லோணும். என்ற மச்சினன், துளசிமணிக்குக் கூடப் பொறந்த தம்பி. அவங்கம்மா சீக்கிரம் போய்ச் சேந்துட்டதால இவதான் அவனை இடுப்புல தூக்கி வளத்துனா. கடைவீதியில மிக்ஸி, கிரைண்டரு, குக்கரு, ஃபேனுன்னு கடை வெச்சிருந்தான். நல்ல கடை. எங்க பொண்ணு கோகிலவாணி கல்யாணத்துக்குச் சீர் சாமான் பூராவும் அவன் கடையிலிருந்துதான் எறங்குச்சு. காசு வேண்டாம்னுட்டான். தாய்மாமன்ல? அதையெல்லாம் நான் மறக்கலீங்க. மறக்கற ஆளில்ல நான்.

சாயங்காலமானா அந்தக் கடையில போய் உக்காருவேன். எனக்குன்னு ஒரு ஸ்டூலு இருந்துச்சு. டீ வரும். ஒரு நாள் கவுந்தப்பாடியிலிருந்து ஒரு புருசன் பொஞ்சாதி வந்தாங்க, பொண்ணு கல்யாணத்துக்கு மிக்ஸி பாக்க. லோகநாதன் நாலு பெட்டியப் பிரிச்சு, நாலையும் ஓட்டிக் காட்டி, இதுல சத்தம் கம்மி, இதுல சட்னி நைசா வரும்னு ஒவ்வொண்ணாச் சொல்லிட்டிருந்தான். கடைசியில அவங்க ஒண்ணப் புடிச்சு, வெலை என்னன்னு கேட்டாங்க. சொன்னான். அந்த ஆளு கொஞ்சம் யோசிச்சாரு. நான் சும்மா, ஒரு ஒத்தாசைக்கு, ஃபோனை எடுத்து நம்ம கம்பெனியில அதே மிக்ஸி என்ன வெலைன்னு பாத்துக் காட்டுனேன். நல்லாவே கம்மி. ஆன்லைன்ல எப்படி வாங்கறதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியல. நானே ஃபோனை வாங்கி அவங்க அட்ரஸைப் போட்டு வாங்கிக் குடுத்தேன். கை எடுத்துக் கும்புட்டுட்டுப் போனாங்க.

லோகநாதன் நாலு மிக்ஸியையும் பெட்டியில வெச்சு டேப் ஒட்டுனான். ஒட்டி முடிச்சுட்டு, "மச்சான், டீ ஆறிப்போச்சு, குடிங்க"ன்னான். நெனைச்சுப் பாத்தா அவனுக்கும் அது ஒரு பாடம்தானுங்க. வெலையக் கொறைக்கோணும்னு தெரிஞ்சிருக்கும்.

அது ஒரு தடவைதானான்னா, இல்லீங்க. ஆராச்சும் வெலை கேட்டா சொல்லீருவேன். உண்மையச் சொல்றதுக்கு என்னங்க? ஒரு நாள் போறேன், என்ற ஸ்டூலைக் காணோம். "எங்க மாப்ளே ஸ்டூலு?"ன்னேன். "ஒடஞ்சு போச்சுங்க மச்சான்"ன்னான். அதுக்கப்பறம் நின்னுக்கிட்டே சொன்னேன்.

அடுத்த ஆடி வர்றதுக்குள்ள கடை படுத்துருச்சு. நான் காரணமான்னு கேக்கறீங்களா? கேக்கலியா? சரி. துளசிமணி கேட்டா, அதான் சொல்றேன். நான் போகாத கடைகளும்தான் அந்த வருசம் கடைவீதியில மூடுச்சு. அதுக்கெல்லாம் ஆரு காரணம்?

ஆனா பாருங்க, அதுலயும் ஒரு நல்லது. நம்ம கம்பெனிக்குக் கோபியில பார்சலு எறக்கிப் பிரிக்க எடம் வேணும்னு தேடிட்டிருந்தாங்க. லோகநாதனோட கடை காலியா இருந்துச்சில்ல, அதையே குடுத்து, காண்ட்ராக்டும் எடுத்துக்கிட்டான். காலைல வண்டி வரும். இவன் ஏரியா வாரியாப் பிரிச்சு வெப்பான், டெலிவரிக்காரங்க எடுத்துட்டுப் போவாங்க. பார்சலுக்கு இவ்வளவுன்னு கூலி. நான் போய்ப் பாத்தேன். "பாத்தியா மாப்ளே, கடைசியில நம்ம கம்பெனிதான் உனக்குச் சோறு போடுது"ன்னேன். "சரிங்க மொதலாளி"ன்னான். மரியாதை தெரிஞ்சவன்.

கண்டக்டரு வந்தா சொல்லுங்க, எனக்குப் பாக்கிச் சில்லறை வரோணும்.

அப்பறம் பங்கு எறங்குச்சு. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன. போட்டிக்கு எவனோ புதுசா வந்துட்டான்னாங்க, கம்பெனி நட்டம்னாங்க, டிவியில ரெண்டு பேரு எதிரெதிர உக்காந்து கத்துனாங்க. பாதிக்கும் கீழ போச்சு. தண்டபாணி எங்கிட்ட மூச்சு விடாம அவரோட பங்கையெல்லாம் வித்துப்போட்டாரு. அதோட நடக்கற எடத்தையும் மாத்தி, வாய்க்கா மேட்டுப்பக்கம் போயிட்டாரு. நான் அசையல. கம்பத்து மேல நிக்கறப்ப காத்தடிச்சா குதிச்சிருவோமா?

ஆனா மொதலாளின்னா சும்மா பாத்துட்டே இருக்கக் கூடாதுங்க. வருசத்துக்கு ஒருக்கா கம்பெனி பங்குதாரரையெல்லாம் கூப்புட்டு மீட்டிங் போடும். இப்பெல்லாம் ஃபோன்லயே நடக்குது. பேசோணும்னா முன்னாடியே பேரு குடுக்கோணும். குடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, ஃபோனைச் சொம்பு மேல சாச்சு வெச்சு உக்காந்தேன். சேர்மன், டைரக்டருக எல்லாரும் கட்டம் கட்டமாத் தெரியறாங்க. என்ற பேரையும் கூப்புட்டாங்க தம்பி! பேரைக் கொஞ்சம் மாத்திச் சொன்னாங்க, இருந்தாலும் என்ற பேருதான்.

இங்கிலீசுல மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். வணக்கம் சொல்றதோட அது தீந்து போச்சு. மிச்சத்தைத் தமிழ்லயே சொன்னேன். "ஐயா, செலவைக் கொறைக்கோணும். எங்க கோபியில ஒரு பார்சலு ஆபீசு, சத்தியில ஒண்ணு, அந்தியூர்ல ஒண்ணு. நான் போய்ப் பாத்தேன், மத்தியானத்துக்கு மேல ஆளுக சும்மாதான் உக்காந்திருக்கறாங்க. மூணையும் ஒண்ணாக்குனா எவ்வளவு மிச்சம்!" சேர்மன் வடக்கத்திக்காரரு. ஆனா நல்லாத் தலையாட்டுனாரு. "தேங்க்யூ மிஸ்டர் சின்னப்பன், வெரி குட் சஜெசன்"ன்னாரு.

திரும்பிப் பாக்கறேன், துளசிமணி மோர் டம்ளரோட கதவுகிட்ட நிக்கறா. "கேட்டியா, சேர்மனே சொல்லிட்டாரு"ன்னேன். டம்ளரை மேசை மேல வெச்சுட்டு உள்ள போயிட்டா. அவளுக்கு மீட்டிங் சமாச்சாரமெல்லாம் புரியாது.

கொஞ்ச மாசம் கழிச்சு அறிவிப்பு வந்துச்சு. சின்ன ஊரு பார்சலு ஆபீசையெல்லாம் மூடறோம், செலவு கொறையும்னு. அன்னிக்குப் பங்கு சும்மா எகிறுச்சு! அத்தனை பெரிய கம்பெனி, ஒரு சாதாரணப் பங்குதாரன் சொன்னதைக் காதுல வாங்கிருக்குதுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கடைவீதிக்குப் போய் ஜிலேபி வாங்கிட்டு ஊட்டுக்கு வந்தா, லோகநாதன் உக்காந்திருக்கறான். பேயறைஞ்ச மாதிரி. துளசிமணி அவன் பக்கத்துல உக்காந்து அவன் கையைப் புடிச்சுட்டிருக்கறா, சின்னப் பையனப் புடிக்கற மாதிரி.

நான் ஜிலேபியப் பிரிக்கல. பிரிக்காம மேசை மேல வெச்சேன். அது கூடத் தெரியாத ஆளில்ல நான்.

அவன் போனதுக்கப்பறம் அவ எங்கிட்ட வந்தா. கட்டிக்கிட்டு வந்த நாள்லயிருந்து எங்கிட்ட இது வேணும்னு வாயைத் தொறந்து கேட்டதில்லீங்க அவ. அன்னிக்குக் கேட்டா. "அந்தப் பங்கை வித்துப்போடுங்க. தம்பிக்கு மறுபடியும் ஒரு கடை வெச்சுக் குடுக்கலாம்."

"இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்குது துளசி. ஏறும்போது ஆராச்சும் விப்பாங்களா?"

"போன வருசமும் கேக்கலாம்னுதான் இருந்தேன். அப்ப எறங்கிட்டிருக்குதுன்னீங்க."

"எறங்கும்போது வித்தா நட்டமில்ல?"

"ஏறும்போதும் விக்கக் கூடாது, எறங்கும்போதும் விக்கக் கூடாது. அப்பறம் எப்பத்தான் விப்பீங்க?"

"விக்கவே கூடாது. அதுக்குப் பேருதான் நிலைச்ச முதலீடு."

இதைவிடத் தெளிவா ஒருத்தருக்கு எப்படிங்க சொல்றது? அவ என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்தா. அப்பறம் போய்க் காயப்போட்ட துணிகளை எடுத்து மடிச்சா. அவ துணியை மட்டும் மடிச்சா. அதை நான் அப்பக் கவனிக்கல.

அடுத்த நாள் சரவணம்பட்டிக்கு, கோகிலவாணி ஊட்டுக்குக் கெளம்பிட்டா. பேரனப் பாத்துட்டு வரட்டும்னு நானே பஸ் ஏத்திவிட்டேன். ஒரு வாரம் ஆச்சு, வரல. ஃபோன் பண்ணுனா பொண்ணுதான் எடுத்தா. "அம்மா இங்கயே இருக்கறேங்கறாங்கப்பா." எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். "நீங்களே நெனைச்சுப் பாருங்கப்பா"ன்னா. நெனைச்சுப் பாத்தேன். ஒண்ணும் வெளங்கல. அன்னிக்குச் சந்தை நல்லா ஏறியிருந்துச்சு, மனசு அதுல போயிருச்சு.

தனியா இருக்கறதும் ஒண்ணும் கஷ்டமில்லீங்க. ரைஸ் குக்கரு நம்ம கம்பெனியிலதான் வாங்குனேன், ஒரு ஆளுக்கு ஆக்கற சைசு. என்னான்னா, ஊட்டுல சத்தம் இல்ல. ஃபோன்ல பங்கு வெலைய எனக்கு நானே வாய்விட்டுப் படிச்சுக்குவேன்.

அன்னூரு வந்துருச்சா? டீ குடிக்க எறங்குவீங்களா? பஸ்சு நிக்காதுங்க, இவன் நிறுத்த மாட்டான்.

அப்பறந்தான் தெரிஞ்சுது. துளசிமணி அவ கை வளையலை வித்து, பொண்ணு ஊட்டுக்குப் பக்கத்துல கணபதியில ரோட்டு மேலயே ஒரு சின்னக் கடை புடிச்சு, லோகநாதனக் கூப்புட்டு உக்கார வெச்சுட்டா. மிக்ஸி, கிரைண்டரு ரிப்பேர் கடை. அவனும் குடும்பத்தோட அங்கயே குடி வந்துட்டான். பொண்ணு போட்டோ அனுப்புனா. "அம்மா எவ்வளவு சந்தோசமா இருக்கறாங்க பாருங்கப்பா"ன்னு. வளையலை வித்து ரிப்பேர் கடையா? தங்கம் ஏறிட்டிருக்கற நேரத்துல! இது நிலைக்குமான்னு ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல? அதைப் பத்தித் தெரிஞ்ச மனுசன் ஒருத்தன் ஊட்டுலயே இருக்கறான்.

இந்த மாசம் ஆரம்பத்துல என்ற பங்கு நான் வாங்குன வெலைக்கே திரும்பி வந்துருச்சு. அசல் வந்துருச்சு தம்பி! ஆருகிட்டச் சொல்றது? தண்டபாணி ஃபோனை எடுக்கல. டீச்சரம்மா பேசறதில்ல. பஸ் ஏறிட்டேன்.

கணபதியில எறங்கி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு கொஞ்ச நேரம் கடையப் பாத்தேன். லோகநாதன் தரையில உக்காந்து கிரைண்டர் மோட்டாரைப் பிரிச்சுட்டிருந்தான். துளசிமணி கவுண்டர்ல நின்னுக்கிட்டு ஒரு மிக்ஸியைக் குப்புறக் கவுத்து வெச்சு ஸ்க்ரூ கழட்டறா. மூக்குக் கண்ணாடி புதுசு. கடைக்குள்ள கூட்டம். ஒரு பொம்பளை என்னமோ சொல்ல, அக்காளும் தம்பியும் சிரிச்சாங்க. நடுவுல லாரி போனதுல சத்தம் கேக்கல. அவ சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குச் சட்டுன்னு ஞாபகம் வரல. லாரி போறதுக்குள்ள அவ சிரிச்சு முடிச்சுட்டா.

உள்ள போனேன். "வாங்க"ன்னா. கஸ்டமருக்குச் சொல்ற மாதிரிதான் இருந்துச்சு, ஆனா சொன்னா. "சாப்புட்டீங்களா?"ன்னு கேட்டா. ஆச்சுன்னேன். ஆகலீங்க. லோகநாதன் எந்திரிச்சு ஒரு ஸ்டூலைத் தொடச்சுப் போட்டான். நான் உக்காரல. கூட்டம் கலையட்டும்னு நின்னேன். கலைஞ்சதும் சொன்னேன்.

"துளசி, அசல் வந்துருச்சு. நீ கேட்ட மாதிரியே வித்துப்போட்டு இதுல போட்டர்றேன். கடையப் பெருசு பண்ணலாம். மூணு பேரும் பங்கா இருந்துக்கலாம்."

எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க! விக்கறதே இல்லைன்னு இருந்தவன் நான். லோகநாதன் அக்காளைப் பாத்தான். அவன் சரின்னு சொல்லீருப்பான், நல்ல மனசுக்காரன். அவ கையில இருந்த ஸ்க்ரூவைப் பூராவும் கழட்டி, தட்டத்துல போட்டுட்டுத்தான் நிமிந்தா.

"மொதல் வேண்டாங்க. மொதலாளிக நாங்க ரெண்டு பேரே போதும்."

நான் தட்டத்துல கெடந்த ஸ்க்ரூவை எண்ணிட்டிருந்தேன்.

"ஆளுதான் வேணும்"ன்னா. "எல்லாரும் ஞாயித்துக்கெழமை கறிக்கு மசாலா அரைச்சு மோட்டாரைப் பொகைய உட்டர்றாங்க. திங்கக்கெழமை கூட்டம் தாங்க முடியறதில்ல."

"ஆளுன்னா?"

"ஆளுன்னா ஆளுங்க. அடிப்பக்கம் ஸ்க்ரூ கழட்டறதுக்கு, தூசி தட்டறதுக்கு."

நான் லைன் இன்ஸ்பெக்டருங்க தம்பி. நாலு ஊருக்குக் கரண்டு குடுத்தவன். ஒரு பெரிய கம்பெனியோட பங்குதாரன், சேர்மன் பேரு சொல்லிக் கூப்புட்டவன். யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். அவ தலையாட்டிட்டு அடுத்த மிக்ஸியைக் கவுத்தா. நான் அங்கயே நின்னு யோசிச்சேன். யோசிக்கற நேரத்துக்குச் சும்மா நிக்க வேண்டாமேன்னு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். சாயங்காலம் கடை சாத்தற வரைக்கும் யோசிச்சேன்.

சரவணம்பட்டி சிக்னலைத் தாண்டீட்டானா? அப்ப நான் எந்திரிச்சுக்கறேன், கணபதியில எறங்கோணும். அந்தப் பைய எடுத்துக் குடுங்க. சோத்துப் போசி இருக்குது, சாயாமப் புடிங்க. பங்கை விக்கலீங்க, அது பாட்டுக்கு இருக்குது. இப்பெல்லாம் பாக்கறதுக்கு நேரம் ஒழியறதில்ல, கை பூரா கிரீசு.

நான் போக ஆரம்பிச்சு இன்னிக்கு மூணாவது திங்கக்கெழமை. லேட்டாப் போனா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, செவுத்துக் கடியாரத்தை ஒரு பார்வை பாப்பா, அவ்வளவுதான். லோகநாதன் இப்ப என்னை மொதலாளின்னு கூப்புடறதில்ல. மச்சான்னுதான் கூப்புடறான்.

சம்பளத்தைப் பத்தி இன்னும் பேச்சு வரலீங்க.